பழைய வெள்ளி ஞானஸ்நானப் பரிசுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு வெள்ளிப் பொருள் கொடுக்கும் வழக்கம் இங்கிலாந்தில் ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேலானது. ஏலங்களிலும் பழம்பொருள் கடைகளிலும் இன்று கைமாறும் ஞானஸ்நான வெள்ளியில் பெரும்பகுதி லண்டன், பர்மிங்காம், ஷெஃபீல்டு பட்டறைகளில் செய்தவை. அதனால் இங்கே பேச்சு முக்கியமாக அவற்றைப் பற்றியது. வீட்டில் ஒரு பழைய மக் இருக்கிறது, அது என்னவென்று தெரியவில்லை என்பவர்களுக்கும், முதன்முதலாக ஒன்று வாங்க நினைப்பவர்களுக்கும் இது உதவும்.

ஞானஸ்நானத்துக்கு என்னென்ன வெள்ளிப் பொருட்களைக் கொடுத்தார்கள்?

காலத்துக்குக் காலம் மாறியது. 15ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கரண்டிதான் பிரதானம். அப்புறம் இரண்டு கைப்பிடி வைத்த சிறு கிண்ணங்கள் வந்தன. 18ஆம் நூற்றாண்டில் கைப்பிடி வைத்த சின்ன மக்கும், பவளம் பொருத்திய கிலுகிலுப்பையும் பிரபலமாயின. விக்டோரியா ராணியின் காலத்தில் (1837-1901) கத்தி, முள்கரண்டி, கரண்டி மூன்றும் சேர்ந்த செட்டைத் தோல் பெட்டியில் வைத்துக் கொடுப்பது வழக்கமானது. முட்டைக் கிண்ணம், நாப்கின் வளையம், கஞ்சிக் கிண்ணம் எல்லாம் அதே காலத்தில் சேர்ந்துகொண்டவை.

கொடுப்பவர்கள் பெரும்பாலும் ஞானப்பெற்றோர், அதாவது ஞானஸ்நானத்தின்போது குழந்தைக்குப் பொறுப்பேற்று நிற்பவர்கள். இங்கிலாந்து திருச்சபை முறைப்படி ஆண் குழந்தைக்கு இரண்டு ஞானத்தகப்பன்மாரும் ஒரு ஞானத்தாயும், பெண் குழந்தைக்கு இரண்டு ஞானத்தாய்மாரும் ஒரு ஞானத்தகப்பனும் நிற்பார்கள். ஒரே குழந்தையின் பெயரில் மக், செட், கிலுகிலுப்பை என்று பல பொருட்கள் கிடைப்பதற்கு அதுவே காரணம்.

அப்போஸ்தலர் கரண்டி என்கிறார்களே, அது என்ன?

காம்பின் நுனியில் இயேசுவின் சீடர் ஒருவரின் சிற்றுருவம் நிற்கும் கரண்டி. முழு செட் என்றால் பன்னிரண்டு சீடர்களோடு இயேசுவையும் சேர்த்துப் பதின்மூன்று. வசதியானவர்கள் முழு செட் கொடுத்தார்கள், ஓரளவு வசதி உள்ளவர்கள் நற்செய்தியாளர் நால்வரின் கரண்டியைக் கொடுத்தார்கள், சாதாரண மக்கள் குழந்தையின் பெயருக்குரிய சீடரின் கரண்டி ஒன்றைக் கொடுத்தார்கள்.

யார் எவர் என்பதைக் கையில் பிடித்திருக்கும் பொருளை வைத்துக் கண்டுபிடிக்கலாம். பேதுரு என்றால் சாவி, அந்திரேயா என்றால் எக்ஸ் வடிவச் சிலுவை, யோவான் என்றால் கிண்ணம், பர்த்தலமேயு என்றால் கத்தி, பெரிய யாக்கோபு என்றால் யாத்திரிகர் கோல். நானூறு வருடம் கைபட்டுத் தேய்ந்ததில் முகம் மொழுக்கென்று ஆகியிருக்கும். கையில் இருப்பது பெரும்பாலும் முறிந்திருக்கும். அப்படிப்பட்ட கரண்டியில் இன்னார் என்று உறுதியாகச் சொல்ல முடியாமல் போவது சகஜம்.

முழு செட் மிக அபூர்வம். பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் ஆஸ்டர் செட் 1536-37இல் லண்டனில் செய்தது. அதில் பன்னிரண்டு சீடர்களோடு பதின்மூன்றாவதாக மரியாள் நிற்கிறாள். தனிக் கரண்டிகள் இன்னும் ஏலத்துக்கு வருகின்றன.

உண்மையான பழைய கரண்டியின் கிண்ணப் பகுதி அத்திப்பழ வடிவில், நுனியில் அகன்று, காம்பருகே குறுகியிருக்கும். லண்டனில் செய்ததாக இருந்தால் சிறுத்தைத் தலை முத்திரை கிண்ணத்தின் உட்பக்கம் காம்பை ஒட்டி இருக்கும். மற்ற முத்திரைகள் காம்பின் பின்புறம். உருவத்தைத் தனியாக வார்த்துக் காம்போடு பற்றவைத்திருப்பார்கள். அந்த இணைப்பை உருப்பெருக்கியில் பாருங்கள். லண்டன் வேலையில் அது ஆங்கில வி எழுத்துப் போல வெட்டிப் பொருத்தியிருக்கும், வெளியூர் வேலையில் ஒன்றின்மேல் ஒன்று படிக்கட்டாக உட்கார்ந்திருக்கும். வெளியூர்க் கரண்டிகள் சிலவற்றில் குழந்தையின் முதலெழுத்துகளையும் ஆண்டையும் ஊசிமுனையால் புள்ளி புள்ளியாகக் குத்தியிருப்பார்கள்.

கிலுகிலுப்பையில் பவளம் எதற்கு?

இரண்டு காரணம். ஒன்று, பல் முளைக்கும் குழந்தை கடித்துக்கொண்டிருக்க வழவழப்பான, குளிர்ந்த பொருள் வேண்டும். இன்னொன்று, பவளம் தீய சக்தியை விரட்டும் என்ற பழைய நம்பிக்கை. கண்ணேறு படாமலிருக்க நம் ஊரில் குழந்தைக்குக் கட்டிவிடுவதெல்லாம் எந்த அக்கறையிலிருந்து வந்ததோ, அதே அக்கறைதான் அங்கேயும்.

அமைப்பைக் கவனியுங்கள். ஒரு நுனியில் ஊதல், நடுவில் குமிழ் வடிவ உடல், அதைச் சுற்றி சிறு மணிகள், மறு நுனியில் பவளத் துண்டு. மேலே மாட்டித் தொங்கவிட ஒரு வளையம். உடல் கனமாகத் தெரிந்தாலும் உள்ளே வெறும் கூடு. மெல்லிய தகட்டை அச்சில் அடித்து இரண்டு பாதிகளாக எடுத்துப் பற்றவைத்தது. அந்தப் பற்று ஓடும் கோட்டில்தான் முதலில் விரிசல் விடும். ஊதலின் வாய்ப்பக்கத்தில் குட்டிக் குட்டிப் பள்ளங்கள் இருந்தால் அவை ஏதோ ஒரு குழந்தையின் பல் தடம். சில விற்பனையாளர்கள் அதைத் தட்டிச் சமப்படுத்திவிடுகிறார்கள். எனக்கு அது பிடிக்காத வேலை. அந்தப் பொருள் உண்மையிலேயே குழந்தை கையில் இருந்தது என்பதற்கு அந்தப் பல் தடத்தை விட நல்ல சாட்சி கிடையாது.

மணிகளில் ஒன்றிரண்டு தொலைந்து வேறு மணி மாட்டியிருப்பது சாதாரணம். வாங்கும் முன் எல்லா மணியும் ஒரே அளவா, ஒரே வேலைப்பாடா என்று எண்ணிப் பாருங்கள்.

முத்திரைகளை எப்படிப் படிப்பது?

இங்கிலாந்து வெள்ளியின் பெரிய வசதியே இதுதான். 1800ஐ ஒட்டி லண்டனில் செய்த ஒரு மக்கைத் திருப்பிப் பார்த்தால், அடியிலோ கைப்பிடிக்குப் பக்கத்திலோ ஐந்து சிறு முத்திரைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நடக்கும் சிங்கம் என்றால் தரம்: ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. இந்தச் சிங்கம் 1544 முதல் இருக்கிறது. சிறுத்தைத் தலை லண்டனைக் குறிக்கும். அதன் வேர் 1300ஆம் ஆண்டுச் சட்டம் வரை போகிறது. 1821 வரை அந்தத் தலைக்குக் கிரீடம் உண்டு, அதன் பிறகு இல்லை. ஆகவே கிரீடம் ஒன்றே காலத்தைப் பாதி சொல்லிவிடும். அடுத்தது ஓர் ஆங்கில எழுத்து. இது ஆண்டு எழுத்து, 1478இல் தொடங்கியது. ஒவ்வோர் ஆண்டும் எழுத்து மாறும். ஒரு சுற்று முடிந்ததும் எழுத்தின் பாணியும் அதைச் சூழ்ந்த கட்டத்தின் வடிவமும் மாறும். எழுத்தை மட்டும் பார்த்து ஆண்டு சொல்லக் கூடாது, கட்டத்தின் வடிவத்தையும் சேர்த்து அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். இன்னொன்று: லண்டனில் அந்த எழுத்து ஜனவரியில் மாறவில்லை, மே மாதத்தில் மாறியது. அதனால்தான் பட்டியல்களில் 1812-13 என்று இரண்டு ஆண்டுகளைப் போடுகிறார்கள்.

நான்காவது, அப்போதைய அரசர் அல்லது அரசியின் பக்கவாட்டு முகம். 1784 முதல் 1890 வரை வெள்ளிக்கு வரி கட்டியதற்கான அடையாளம் அது. முகம் இருந்தால் அந்தக் காலத்துக்குள் செய்தது. ஐந்தாவது, பட்டறைக்காரரின் முதலெழுத்துகள். 1363இலிருந்தே ஒவ்வொரு பட்டறைக்காரருக்கும் தனி முத்திரை இருக்க வேண்டும் என்பது சட்டம்.

லண்டன் அல்லாத ஊர்களில் சிறுத்தைக்குப் பதிலாக வேறு அடையாளம் இருக்கும். பர்மிங்காமுக்கு நங்கூரம், ஷெஃபீல்டுக்குக் கிரீடம். வெள்ளியின் தரத்தைச் சோதித்து முத்திரை அடிக்கும் சோதனை நிலையம் இரண்டு ஊருக்கும் கிடைத்தது 1773இல். அதற்கு முன் பர்மிங்காம் வெள்ளியை முத்திரைக்காகச் செஸ்டருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். வழியில் நசுங்குவதும் தாமதமும் தாங்காமல் பர்மிங்காம் தொழிலதிபர் மேத்யூ போல்டன் நாடாளுமன்றத்தில் போராடி வாங்கிய உரிமை அது. எடின்பரோவுக்குக் கோட்டை, டப்ளினுக்குக் கிரீடம் வைத்த யாழ், செஸ்டருக்குக் கதிர்க்கட்டுகளும் வாளும். ஷெஃபீல்டின் கிரீடம் 1975இல் ரோஜாவாக மாறிவிட்டது.

ஒரு விதிவிலக்கு: 1697 முதல் 1720 வரை செய்தவற்றில் சிங்கத்துக்குப் பதில் பிரிட்டனை உருவகிக்கும் பிரிட்டானியா என்ற பெண் அமர்ந்திருக்கும் உருவம் இருக்கும். அப்போது கட்டாயத் தரம் 958. வெள்ளி நாணயங்களைக் கத்தரித்து, உருக்கிப் பாத்திரம் செய்ததைத் தடுக்கக் கொண்டுவந்த ஏற்பாடு.

முத்திரையில் இருக்கும் பெயர்க்காரர்தான் தன் கையால் செய்தாரா?

பெரும்பாலும் இல்லை. அந்த முத்திரை பொருளைச் சோதனைக்கு அனுப்பியவருடையது, அதாவது தரத்துக்குப் பொறுப்பேற்றவருடையது. தகட்டை அடித்தவர் ஒருவர், கைப்பிடி வார்த்தவர் ஒருவர், பூ வேலை செதுக்கியவர் ஒருவர், பெயர் பொறித்தவர் இன்னொருவர். கடைசியாக மெருகேற்றியவர்கள் பல பட்டறைகளில் பெண்கள். இவர்களில் யார் பெயரும் பொருளில் இல்லை. ஒரு மக்கைக் கையில் எடுக்கும்போது அந்த ஐந்தாறு பேரையும் நினைத்துக்கொள்வது நியாயம் என்று நினைக்கிறேன்.

தெரிந்துகொள்ள வேண்டிய பட்டறைகள் எவை?

முதலில் ஹெஸ்டர் பேட்மேன். 1708இல் பிறந்தவர். கணவர் ஜான் தங்கச் சங்கிலி செய்பவர். 1760இல் அவர் இறந்த பிறகு, மறு ஆண்டே ஹெஸ்டர் தன் பெயரில் முத்திரையைப் பதிவு செய்தார். அப்போது வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. லண்டன் பன்ஹில் ரோவில் குடும்பத்தோடு நடத்திய பட்டறையை 1790 வரை அவரே பார்த்துக்கொண்டார். இயந்திரத்தில் உருட்டிய மெல்லிய தகட்டைப் பயன்படுத்தி, நடுத்தரக் குடும்பங்கள் வாங்கும் விலையில் பொருள் செய்தார். விளிம்பில் ஓடும் மணிச்சரம் போன்ற கோடும், ஒளி பட்டால் மின்னும் சாய்வு வெட்டுப் பொறிப்பும் அவர் பட்டறையின் அடையாளம். வெள்ளி கனமில்லை என்று குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. அந்த மெல்லிசுக்குள் அவ்வளவு நிதானமான வடிவம் கொண்டுவந்ததுதான் திறமை. அவருக்குப் பின் மகன்களும் மருமகள் ஆனும் பட்டறையைத் தொடர்ந்தார்கள்.

பால் ஸ்டோர் (மறைவு 1844) வேறு வகை. கனமான வெள்ளி, கம்பீரமான வார்ப்பு, அரச குடும்பத்துக்கு வேலை. அவருடைய முத்திரை உள்ள சின்ன மக் கூட விலையில் எட்டாத உயரத்தில் இருக்கும்.

ஞானஸ்நானம் என்ற பேச்சில் பர்னார்டு பட்டறையை விட முடியாது. விக்டோரியா ராணி தன் முதல் குழந்தைக்காக 1840இல் செய்வித்த அல்லித் தொட்டி, அதாவது ஞானஸ்நான நீர் வைக்கும் தொட்டி, அவர்கள் வேலை. வெள்ளியின்மேல் தங்க முலாம், மலர்ந்த அல்லிப்பூ வடிவில் கிண்ணம், அடியில் யாழ் மீட்டும் குட்டி தேவதூதர்கள். 1841 பிப்ரவரி 10 அன்று முதலில் பயன்பட்டது. அரச குடும்பக் குழந்தைகளுக்கு இன்றும் அதே தொட்டிதான். மற்ற நாட்களில் லண்டன் டவரில் இருக்கும். அந்தப் பட்டறையே சாதாரணக் குடும்பங்களுக்கு மக்குகளும் ஏராளமாகச் செய்தது என்பதால், அவற்றில் ஒன்று இன்றும் எட்டும் விலையில் கிடைக்க வாய்ப்பு இருக்கிறது.

கரண்டி-முள்கரண்டி செட் என்றால் லண்டனின் ஜார்ஜ் ஆடம்ஸ், பிரான்சிஸ் ஹிக்கின்ஸ் இருவரையும் தேடுங்கள். பர்மிங்காம் கிலுகிலுப்பைகளுக்கு ஜார்ஜ் யுனைட், ஹில்லியர்டு அண்ட் தாமசன். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கு வந்தால், சுத்தியல் தடம் தெரிய விட்ட ஓமர் ராம்ஸ்டன். தன் பொருட்களில் 'ஓமர் ராம்ஸ்டன் என்னைச் செய்தார்' என்று லத்தீனில் பொறித்துவைப்பார்.

மக் கையால் அடித்ததா, இயந்திரத்தில் செய்ததா என்று எப்படித் தெரியும்?

உள்ளே வாயால் ஊதிப் பாருங்கள். ஆவி படிந்ததும் பற்றவைத்த கோடு இருந்தால் தெரியும். வட்டத் தகட்டை வைத்துச் சுத்தியலால் அடித்தடித்து எழுப்பிய மக்கில் கோடே இருக்காது. அடிக்க அடிக்க வெள்ளி இறுகிவிடும் என்பதால் நடுநடுவே நெருப்பில் காட்டி இளக்குவார்கள்; ஒரு சிறு மக்குக்கே பல தடவை. தகட்டைச் சுருட்டிச் செய்ததில் கைப்பிடிக்குப் பின்னால் நேர்கோடு ஒன்று ஒளிந்திருக்கும். 19ஆம் நூற்றாண்டில் கடைசல் முறை பரவியது. அதில் உட்சுவரில் வட்ட வட்டமாக மெல்லிய கோடுகள் தெரியும். சுருட்டியதும் கடைந்ததும் மட்டமான வேலை என்று ஆகிவிடாது.

உட்புறம் மஞ்சளாக இருந்தால் தங்க முலாம். உப்பும் புளிப்பும் வெள்ளியை அரிக்காமலிருக்கப் பூசியது.

முழு வெள்ளியா, முலாம் பூசியதா?

முத்திரை இல்லாமல் ஆங்கில எழுத்துகள் இ, பி, என், எஸ் இருந்தால் அது ஜெர்மன் சில்வர்மேல் (பெயரில்தான் சில்வர், உண்மையில் செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை) வெள்ளி மின்முலாம் பூசியது. பர்மிங்காமின் எல்கிங்டன் நிறுவனம் 1840இல் காப்புரிமை வாங்கிப் பரப்பிய முறை. சில முலாம் பொருட்களில் வெள்ளி முத்திரை போலவே தோன்றும்படி வரிசையாகக் கட்டங்கள் அடித்திருப்பார்கள். நடக்கும் சிங்கம் இருக்கிறதா என்று தேடுங்கள். ஸ்காட்லாந்து, அயர்லாந்துப் பொருட்களுக்கு மட்டும் வேறு அடையாளம். விளிம்பிலும் கைப்பிடி வளைவிலும் அடியிலிருக்கும் உலோகம் வேறு நிறத்தில் எட்டிப் பார்த்தால் சந்தேகமே வேண்டாம்.

போலி, திருத்தம் எப்படியெல்லாம் செய்கிறார்கள்?

அப்போஸ்தலர் கரண்டியில் அதிகம். 18ஆம் நூற்றாண்டுச் சாதாரண மேசைக் கரண்டியை எடுத்து, காம்பை மாற்றி, நுனியில் ஓர் உருவத்தை ஒட்டிவிடுவார்கள். முத்திரை உண்மையானது, ஆனால் ஆண்டு எழுத்து சொல்லும் காலத்தில் அந்த மாதிரிக் கரண்டி செய்வதை நிறுத்தியிருப்பார்கள்.

மக்கில் நடப்பது வேறு. பூ வேலை இல்லாத ஜார்ஜ் மன்னர்கள் காலத்து (1714-1830) மக்கின்மேல் விக்டோரியா காலத்தில் பூவும் கொடியும் புடைத்துவிட்டார்கள். அன்றைய ரசனை அது, ஏமாற்று நோக்கம் இல்லை. முத்திரைக்கு மேலேயே கொடி ஓடினால் பின்னால் செய்த வேலை என்று அர்த்தம். வரியைத் தவிர்ப்பதற்காகச் சின்னப் பொருளின் முத்திரையை வெட்டியெடுத்துப் பெரிய பொருளில் பதித்த பழைய தந்திரமும் உண்டு; முத்திரைகளைச் சுற்றி ஊதிப் பார்த்தால் ஒட்டுக்கோடு தெரியும்.

பழைய பெயர் பொறித்திருக்கிறது. அழித்துவிடலாமா?

வேண்டாம். இந்தக் கேள்விக்குத்தான் நான் மிக அழுத்தமாகப் பதில் சொல்வேன்.

பெயரை அழிப்பதென்றால் அந்த இடத்தின் வெள்ளியைச் சுரண்டி எடுப்பது. சுவர் மெலிந்து, கட்டைவிரலால் அழுத்தினால் உள்வாங்கும். ஓடு மாதிரி ஆன அந்த இடத்தில் அடுத்த பெயரைப் பொறிக்கவும் முடியாது. உலோகக் கணக்கை விடப் பெரிய இழப்பு வேறு. குழந்தையின் பெயர், தேதி, கொடுத்தவர் பெயர் மூன்றும் இருந்தால் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டில் அந்தக் குழந்தையைத் தேட முடியும். சில மக்குகளில் ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறைப் பெயர்கள் ஒன்றின்கீழ் ஒன்றாக இருக்கும். அதை அழித்தால் மிஞ்சுவது எடைக்கு விற்கும் வெள்ளிதான்.

எடைக்கு விற்பதும் நடக்கிறது. 1980 ஜனவரியில் வெள்ளி விலை ஒரு அவுன்ஸ் 50 டாலரை நெருங்கியபோது நல்ல நல்ல பழைய பொருட்கள் உருக்கும் பானைக்குப் போயின. விலை ஏறும்போதெல்லாம் அந்த ஆபத்து திரும்ப வருகிறது.

எப்படிச் சுத்தம் செய்வது?

கருப்பு என்பது வெள்ளி கந்தகத்தோடு சேர்ந்து உண்டான படலம். வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவம், மென்மையான துணி, உடனே ஈரம் போகத் துடைப்பது. பெரும்பாலும் இவ்வளவு போதும்.

நம் வீடுகளில் குத்துவிளக்கை விபூதி போட்டுத் தேய்ப்போம். விளக்குக்குச் சரி. இருநூறு வருட முத்திரைக்கு வேண்டாம். ஒவ்வொரு தேய்ப்பிலும் கொஞ்சம் உலோகம் போகும். பற்பசை அதைவிட மோசம். தங்க முலாம் உள்ள உட்புறத்தைத் தேய்க்கவே கூடாது. செதுக்கிய பள்ளங்களில் தங்கிய கருமையை விட்டுவிடுங்கள், பூ வேலை எடுப்பாகத் தெரிவதே அதனால்தான்.

கத்தியை மட்டும் தனியாகக் கவனிக்க வேண்டும். அதன் கைப்பிடி உள்ளே கூடு, அதில் பிசின் நிரப்பியிருக்கும். வெந்நீரில் ஊறவைத்தால் பிசின் இளகிக் கத்தி கழன்றுவிடும். ரப்பர் பேண்டு, கம்பளித் துணி, செய்தித்தாள் மூன்றையும் வெள்ளிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

மதராஸில் செய்த ஞானஸ்நான மக் உண்டா?

மதராஸிலிருந்த ஐரோப்பியக் குடும்பங்களுக்காக மவுண்ட் ரோடு பி.ஆர். அண்ட் சன்ஸ் வெள்ளி மக்குகளும் தேநீர் செட்டுகளும் விற்றது. 'சாமி வெள்ளி' என்று பெயர் பெற்ற, தெய்வ உருவங்களைப் புடைத்த வேலை அந்தக் கடையால் வெளிநாட்டில் புகழ்பெற்றது. புடைப்பு வேலை செய்தவர்கள் இந்த ஊர் வெள்ளி ஆசாரிகள். இங்கிலாந்து போல அன்று இங்கே சட்டப்படியான தர முத்திரை இல்லை. கடையின் பெயர் மட்டும் அடித்திருக்கும். ஆண்டைச் சொல்ல வேலைப்பாட்டையும் பொறித்த பெயரையும்தான் நம்ப வேண்டும். இந்தியாவில் இருக்கும் நூறு வருடத்துக்கு மேற்பட்ட கைவேலைப் பொருள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்கீழ் வரக்கூடும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது என்பதையும் மனதில் வையுங்கள்.

இன்று ஒரு குழந்தைக்குப் பழைய பொருளையே பரிசாகக் கொடுக்கலாமா?

தாராளமாக. மக்கும் கரண்டியும் பயன்படுத்தலாம், உள்முலாம் தேயாமல் பார்த்துக்கொண்டால் போதும். கிலுகிலுப்பையைக் குழந்தை கையில் கொடுக்காதீர்கள். மணிகள் கழன்று விழும், குழந்தை விழுங்கிவிடும். அதை அலமாரியில் வைக்கத்தான் கொடுக்க வேண்டும். வளையம் வெள்ளையாக இருந்தால் முத்துச்சிப்பியா யானைத் தந்தமா என்று கேட்டு வாங்குங்கள். தந்த வணிகம் இந்தியாவில் தடை.

புதுப் பெயர் பொறிக்க நினைத்தால் பழைய பெயருக்கு எதிர்ப்பக்கத்திலோ அடிப்பாகத்திலோ, முத்திரையிலிருந்து தள்ளி, கையால் பொறிப்பவரிடம் கொடுங்கள். லேசர் வேண்டாம். பெயரோடு ஞானஸ்நானத் தேதி, ஊர், கொடுப்பவர் பெயர் மூன்றையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். வெறும் முதலெழுத்து மட்டும் போட்டால் நூறு வருடம் கழித்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது.